தொட்டி மீனின் ஈரல் வெளுத்தால்: தண்ணீரில் துத்தநாகத்தையும் தீவனத்தில் கொழுப்பையும் சோதிக்கும் முறை

சென்ற ஐப்பசியில் என் தார்ப்பாய்த் தொட்டியில் இருந்த ஜிலேபி மீன்கள் இரை எடுப்பதைக் குறைத்துக்கொண்டன. உடலில் புண் இல்லை, செதில் உதிரவில்லை, செவுளில் பூச்சி இல்லை. ஆனாலும் நாளுக்கு இரண்டு மூன்று மீன்கள் ஓரத்தில் ஒதுங்கிச் செத்தன. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது வாரமும் ஏறக்குறைய 14,000 ரூபாயும் ஆயின. தேவையில்லாத மருந்துகள், தவறாக எடுத்த மாதிரிகள், தவறாகப் படித்த ஓர் அறிக்கை ஆகியவற்றைக் கழித்துவிட்டால் மூன்று வாரத்தில் 6,000 ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை இது. புதிதாக மீன் வளர்க்க வந்திருப்பவர்கள் அந்த மூன்று வாரத்திலேயே முடித்துக்கொள்ளட்டும் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் மீனை அறுத்துப் பாருங்கள்

செத்து மிதக்கும் மீன் இதற்கு உதவாது. நம் ஊர் வெயிலில் அரை மணி நேரத்திலேயே ஈரல் குழைந்து நிறம் மாறத் தொடங்கிவிடும் என்பதால், உயிரோடு இருக்கும் சோர்ந்த மீன்களில் ஐந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் சில துளி கிராம்பு எண்ணெயைக் கலந்து அதில் விட்டால் மீன் துன்பமின்றி அடங்கும். ஈரத்தைத் துடைத்துவிட்டு எடை பார்த்துக் குறித்துக்கொண்டு, மலத்துவாரத்திலிருந்து செவுள் வரை அடிவயிற்றைக் கத்தரியால் மெதுவாகத் திறங்கள். வயிற்றின் முன்பகுதியில், இதயத்துக்குப் பின்னால், ஈரல் தெரியும். பித்தப்பையை உடைக்காமல் பிரித்து நீக்கிவிட்டு ஈரலை மட்டும் தனியே நிறுத்துக்கொள்ளுங்கள். நகைக்கடையில் இருப்பது போன்ற சிறிய மின்தராசு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது; சமையலறைத் தராசு இந்த வேலைக்குப் போதாது.

ஈரலின் எடையை மீனின் எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைப்பது ஈரல் விகிதம். என் தொட்டியில் 312 கிராம் மீனுக்கு ஈரல் 11.2 கிராம் இருந்தது, அதாவது 3.6 சதவீதம். நல்ல நிலையில் ஜிலேபி வளர்த்துவந்த பக்கத்து ஊர் நண்பரின் குளத்தில் அதே அளவு மீனுக்கு 1.7 சதவீதம்தான். இந்த எண் மீனின் இனம், வயது, சினைப்பருவம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். ஆகவே புத்தகத்து எண்ணோடு ஒப்பிடுவதைக் காட்டிலும் உங்கள் பகுதியில் நன்றாக வளரும் அதே இன மீனோடு ஒப்பிடுவது நல்லது.

நிறத்தையும் பாருங்கள். நலமான ஈரல் செம்பழுப்பாக, ஓரம் கூர்மையாக, தொட்டால் உறுதியாக இருக்கும். என் மீனின் ஈரல் உருக்குவதற்கு முந்தைய வெண்ணெயின் நிறத்தில், ஓரங்கள் மழுங்கி, தொட்ட விரலில் பிசுபிசுவென்று ஒட்டும்படி இருந்தது. பட்டாணி அளவுக்கு ஒரு துண்டை வெட்டி டம்ளர் தண்ணீரில் போட்டேன். முங்காமல் மேலேயே மிதந்து, சுற்றிலும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டது. கொழுப்பு மிக அதிகமாக ஏறிய ஈரல்தான் இப்படி மிதக்கும். மிதக்கவில்லை என்பதால் ஈரல் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ரோகு, கட்லா, மிர்கால் வளர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கெண்டை இனங்களில் ஈரல் குடலைச் சுற்றிப் படர்ந்திருக்கும், முழுமையாகப் பிரித்து நிறுப்பது கடினம். அவர்கள் எடையை விட்டுவிட்டு நிறத்தையும் தன்மையையும் மட்டும் பார்த்தால் போதும்.

2. மாதிரி எடுக்கும் வரை எதையும் மாற்றாதீர்கள்

நான் செய்த பெரிய பிழை இதுதான். ஈரலைப் பார்த்த பதற்றத்தில் அன்றே பாதித் தண்ணீரை வெளியேற்றினேன், தீவனத்தை மாற்றினேன், கடைக்காரர் கொடுத்த ஈரல் டானிக்கையும் கலந்தேன். அதன்பின் எடுத்த மாதிரியில் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பழைய நிலைமை திரும்பும் வரை மூன்று வாரம் காத்திருந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

தண்ணீர், தீவனம், ஈரல் ஆகிய மூன்று மாதிரிகளையும் ஒரே நாளில் எடுத்துவிடுங்கள். அதே காலையில் பி.எச்., அம்மோனியா, கரைந்த ஆக்சிஜன் மூன்றையும் கையடக்கக் கிட் கொண்டு பார்த்து எழுதி வையுங்கள். இரை எடுக்காமைக்கும் சாவுக்கும் பெரும்பாலும் அம்மோனியாவும் ஆக்சிஜன் குறைவுமே காரணமாக இருப்பதால், அவற்றை விலக்காமல் துத்தநாகத்தைத் தேடிப் போவது வீண் செலவு. மீன் கூட்டமாகச் சாகிறது என்றால் மட்டும் காத்திருக்காதீர்கள்: முதலில் ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, உடனே காற்றூட்டத்தைக் கூட்டித் தீவனத்தை நிறுத்துங்கள்.

3. துத்தநாகம் எங்கிருந்து வருகிறது என்று சுற்றிப் பாருங்கள்

இதற்குக் காசு செலவில்லை, ஒரு மணி நேரம் போதும். ஜி.ஐ. குழாய், ஜி.ஐ. தகடு, ஜி.ஐ. வாளி எல்லாமே துத்தநாகம் பூசிய இரும்புதான். தார்ப்பாய்த் தொட்டியைத் தாங்கும் கம்பி வலையும் பெரும்பாலும் அப்படிப்பட்டதே. தார்ப்பாய் கிழியாத வரை அதனால் தொல்லை இல்லை. தண்ணீர் ஓடும் அல்லது தேங்கி நிற்கும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு படியும் கடினத் தண்ணீர். மழைத் தண்ணீர் மீனுக்கு அமிர்தம் என்று எண்ணி, புதிதாகப் போட்ட தகரக் கொட்டகையின் கூரைத் தண்ணீரை நேராகத் தொட்டியில் விழும்படி நானே குழாய் போட்டிருந்தேன். மழைத் தண்ணீர் லேசான அமிலத்தன்மை உடையது. சுண்ணாம்புச் சத்து அதில் கிட்டத்தட்ட இல்லை. துத்தநாகப் பூச்சைக் கரைக்க இதைவிடத் தோதான தண்ணீர் கிடையாது. புதுத் தகட்டின் மேல் விழுந்து வரும் தண்ணீரில் லிட்டருக்குச் சில மில்லிகிராம் வரை துத்தநாகம் இருக்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நெல் வயலை ஒட்டிக் குளம் வைத்திருப்பவர்கள் வயலின் வடிகாலையும் பார்க்க வேண்டும். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடுவது வழக்கமான பரிந்துரை. நடவு முடிந்து உரமிட்ட வாரத்தில் பெருமழை பெய்தால் அந்த வடிநீர் குளத்துக்குள் வராதபடி வரப்பைக் கட்டிவிடுங்கள்.

4. தண்ணீர் மாதிரி: பாட்டில், அமிலம், படிவம்

மூன்று இடங்களில் எடுங்கள்: தொட்டியின் நடுவில், தண்ணீர் வரும் மூலத்தில் (கூரைக் குழாய், வடிகால் போன்றவை), போர் குழாயில். ஜி.ஐ. குழாய் வழியாக வரும் தண்ணீர் என்றால் இரவு முழுவதும் குழாயில் தேங்கிய முதல் தண்ணீரை ஒரு பாட்டிலிலும், பத்து நிமிடம் ஓடவிட்டபின் ஒரு பாட்டிலிலும் பிடியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே குழாயின் பங்கு.

உலோகச் சோதனைக்கான பாட்டில் அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் பாட்டிலாக இருக்க வேண்டும், பிடித்தவுடன் நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பி.எச். அளவை 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இதை நீங்கள் வீட்டில் செய்ய வேண்டாம். அமிலம் சேர்த்த பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் கட்டணமில்லாமல் கொடுப்பார்கள். நான் முதல் முறை குடிநீர் பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோனேன். அமிலம் இல்லாவிட்டால் துத்தநாகம் பாட்டிலின் சுவரிலும் படிவிலும் ஒட்டிக்கொண்டு அறிக்கையில் குறைவாகத் தெரியும்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்று. துத்தநாகத்துக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகமா? கடினத்தன்மையும் (தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து போன்றவற்றின் அளவு) சேர்த்துப் பார்ப்பார்களா? கண்டறியும் கீழ் எல்லை எவ்வளவு? கடைசிக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். கீழ் எல்லை லிட்டருக்கு 0.5 மி.கி. என்று இருக்கும் ஆய்வகத்தில் உங்கள் மீனைத் துன்புறுத்தும் அளவு இருந்தாலும் "கண்டறியப்படவில்லை" என்றே எழுதிக் கொடுப்பார்கள். 0.01 மி.கி. வரை பார்க்கும் இடம்தான் வேண்டும். வேளாண் துறையின் பாசன நீர்ப் பரிசோதனை மலிவானது என்றாலும் வழக்கமான பட்டியலில் உப்பும் பி.எச். அளவும் போன்றவையே இருக்கும். துத்தநாகம் தனியாகக் கேட்க வேண்டியது.

படிவத்தில் மாதிரி எடுத்த நாள், நேரம், இடம், எந்தப் பயன்பாட்டுக்கான தண்ணீர் என்ற நான்கும் கேட்கப்படும். பயன்பாடு என்ற இடத்தில் "மீன் வளர்ப்பு" என்று எழுதுங்கள். நான் யோசிக்காமல் "குடிநீர்" என்ற கட்டத்தில் குறியிட்டதன் விளைவு அடுத்த படியில் வருகிறது. எனக்கு மூன்று பாட்டிலுக்குத் துத்தநாகமும் கடினத்தன்மையும் சேர்த்து 2,400 ரூபாய் ஆயிற்று, அறிக்கை எட்டாம் நாள் வந்தது.

5. அறிக்கையைப் படிக்கும்போது விழும் குழி

என் அறிக்கையில் தொட்டித் தண்ணீர் 0.41 மி.கி., கூரைத் தண்ணீர் 2.6 மி.கி., போர் தண்ணீர் 0.03 மி.கி. என்று இருந்தது, எதிரே மூன்றுக்கும் "வரம்புக்குள் உள்ளது" என்ற முத்திரை. நிம்மதியாக அறிக்கையை மடித்து வைத்துவிட்டேன். மேலும் இரண்டு வாரம் மீன் செத்தது.

அந்த வரம்பு மனிதர்களுக்கானது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 5 மி.கி. துத்தநாகத்தை ஏற்கிறது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 15 மி.கி. வரைகூட அனுமதிக்கிறது. நாம் தண்ணீரைக் குடிக்கிறோம், அது குடலைத் தாண்டித்தான் உடலில் சேர வேண்டும். மீனோ இரவும் பகலும் செவுள் வழியாக அதைக் கடத்திக்கொண்டே இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து உடலுக்குள் நுழையும் அதே வாசலில்தான் துத்தநாகமும் முண்டியடித்து நுழைகிறது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் இருந்தால் துத்தநாகத்துக்கு இடம் குறைவு. மென்தண்ணீரில் அதற்குத் தடையே இல்லை.

ஆகவே துத்தநாகத்தின் எண்ணைத் தனியாகப் படிக்காமல் கடினத்தன்மையோடு சேர்த்துப் படியுங்கள். நன்னீர் உயிர்களுக்காக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த வரம்பு இப்படித்தான் கணக்கிடப்படுகிறது: கடினத்தன்மை லிட்டருக்கு 25 மி.கி. ஆக இருந்தால் லிட்டருக்குச் சுமார் 0.037 மி.கி., 100 ஆக இருந்தால் 0.12 மி.கி., 200 ஆக இருந்தால் 0.21 மி.கி. அளவு. என் தொட்டியின் கடினத்தன்மை 38. அதற்கான வரம்பு 0.05 மி.கி. அளவில் வருகிறது, எனக்கு இருந்தது அதைப்போல எட்டு மடங்கு. இந்த வரம்பு மென்மையான உயிரினங்களையும் காப்பதற்காக வகுத்தது, ஜிலேபி அவற்றைவிடத் தாங்கும். எனவே வரம்பைத் தாண்டியவுடன் மீன் சாகும் என்று பொருள் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் அந்தத் தண்ணீரிலேயே கிடக்கும் மீனுக்கு அது ஓயாத சுமை.

அலகையும் சரிபாருங்கள். சில ஆய்வகங்கள் மில்லிகிராமிலும் சில மைக்ரோகிராமிலும் எழுதுகின்றன. 120 மைக்ரோகிராமும் 0.12 மில்லிகிராமும் ஒன்றே. வீணாகக் குடித்துவந்த கடினத் தண்ணீர் என்று நான் சலித்துக்கொண்ட போர் தண்ணீர்தான் என் மீனுக்கு உண்மையில் காவலாக இருந்திருக்க வேண்டியது.

6. தீவனத்தின் கொழுப்பைக் கணக்கிடுங்கள்

இதற்குள் முழுப் பழியையும் துத்தநாகத்தின் மேல் போட்டுவிடாதீர்கள். கூரைத் தண்ணீரே விழாத என் இரண்டாவது தொட்டியில் மீன் சாகவில்லை. ஆனால் அங்கும் ஈரல் வெளுத்து, விகிதம் 2.8 சதவீதமாக இருந்தது. இரண்டு தொட்டிக்கும் பொதுவானது தீவனம்.

நான் கொடுத்தது நம் பக்கத்தில் பலரும் கொடுக்கும் கலவைதான்: அரிசித் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம பங்கு. மில்லில் எண்ணெய் எடுக்காத தவிட்டில் 12 முதல் 20 சதவீதம் வரை எண்ணெய் இருக்கும். செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் முழுதாகப் பிழியப்படுவதில்லை, 8 முதல் 10 சதவீதம் தங்கிவிடும். இரண்டையும் சமமாகக் கலந்தால் கொழுப்பு 12 சதவீதத்தை எட்டுகிறது. ஜிலேபிக்கும் கெண்டைக்கும் விற்கும் மிதவைத் தீவனத்தில் பொதுவாக 4 முதல் 6 சதவீதம்தான். இதோடு மிச்சப்பட்ட கோழித் தோலையும் குடலையும் போடுபவர்கள் கணக்கை இன்னும் மேலே தூக்குகிறார்கள். எரித்துச் செலவழிக்க முடியாத கொழுப்பு ஈரலிலும் போய்த் தங்கும்.

அளவைவிட மோசமானது சிக்கு, அதாவது எண்ணெய் கெட்டுப்போவது. தவிட்டில் இருக்கும் ஒரு நொதி, அரைத்த சில நாட்களிலேயே எண்ணெயைச் சிதைத்துவிடுகிறது. சிக்கெடுத்த கொழுப்பு மீனின் உடலில் இருக்கும் வைட்டமின் ஈ சத்தைத் தின்றுவிட்டு, ஈரல் செல்களையே பழுதாக்குகிறது. ஒரு பிடி தவிட்டை மூடிய டப்பாவில் ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். பழைய முறுக்குச் சட்டியின் வாடை அடித்தால் அந்த மூட்டை மீனுக்கு ஆகாது. ஈரத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சும் உண்டாகலாம், அதுவும் தாக்குவது ஈரலைத்தான்.

கடைத் தீவனம் வாங்குபவர்கள் பையின் மேல் உள்ள சிறு எழுத்தைப் படியுங்கள். கொழுப்பு என்ற வரியில் பெரும்பாலும் "குறைந்தபட்சம்" என்றே இருக்கும். அது உச்ச அளவு அல்ல, உள்ளே இருப்பது அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். ரசீதையும், தயாரித்த தேதி உள்ள பைத் துணுக்கையும் கிழித்து எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் விற்பனையாளரிடம் பேசுவதற்கு அவை இரண்டே ஆதாரம். அரை கிலோ தீவனத்தைக் காற்றுப் புகாத உறையில் கொடுத்துக் கொழுப்பு, பெராக்சைடு மதிப்பு (எண்ணெய் சிக்கெடுத்திருப்பதைக் காட்டும் எண்), அஃப்ளாடாக்சின் மூன்றையும் பார்த்ததில் எனக்கு 2,100 ரூபாய் ஆயிற்று. பணம் குறைவு என்றால் கொழுப்பை மட்டும் பார்க்கலாம். என் கலவையில் 13.8 சதவீதம் வந்தது.

7. "துத்தநாகம் ஈரலுக்கு நல்லது" என்று படித்துவிட்டு ஏமாறாதீர்கள்

இதைப் பற்றித் தேடினால் ஒரு முரண்பாடு கண்ணில் படும். துத்தநாகம் மீனுக்கு அவசியமான சத்து. தீவனத்தில் கிலோவுக்கு ஏறக்குறைய 15 முதல் 30 மி.கி. வரை பல இனங்களுக்கும் தேவை. சீனாவின் வூஹானைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மஞ்சள் கெளுத்தியில் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், துத்தநாகம் ஈரல் செல்களில் தேங்கிய கொழுப்பைச் செல்களே சிதைத்துக்கொள்ளத் தூண்டியது. இதைக் கேள்விப்பட்ட ஒருவர், "அப்படியென்றால் குளத்தில் துத்தநாக சல்பேட்டைக் கரைத்துவிடலாமே" என்று என்னிடம் யோசனை சொன்னார்.

செய்யாதீர்கள். அளந்து தீவனத்தில் சேர்த்த துத்தநாகம் குடல் வழியாக, உடல் கட்டுப்படுத்தும் அளவில் உள்ளே போகிறது. தண்ணீரில் கரைந்தது செவுளைத் தாக்கி, ஈரலில் சேர்கிறது. ஈரல் அதை ஒரு புரதத்தோடு கட்டி ஒதுக்கி வைக்கப் பார்க்கும். அந்தக் கொள்ளளவைத் தாண்டினால் செல்களில் ஆக்சிஜனேற்றச் சிதைவு தொடங்கும். சிக்கெடுத்த கொழுப்பு செய்வதும் ஏறக்குறைய அதே சிதைவைத்தான். ஏற்கெனவே கொழுப்பு ஏறிய ஈரலுக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் அடி விழுகிறது.

8. திசு ஆய்வு எப்போது வேண்டும்

திசு ஆய்வு என்பது ஈரலை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்ப்பது. தண்ணீர், தீவனம் இரண்டிலும் காரணம் தெளிவாகத் தெரிந்துவிட்டால் இந்தச் செலவு வேண்டாம். இரண்டும் சரியாக இருந்தும் ஈரல் வெளுத்திருந்தால், அல்லது தீவனத்துக்கான இழப்பீடு கேட்கப் போகிறீர்கள் என்றால் தேவைப்படும். ஈரலை அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாத துண்டாக வெட்டி, அதைப்போலப் பத்து மடங்கு அளவு பத்து சதவீத பஃபர் ஃபார்மலினில் (திசு சிதையாமல் காக்கும் திரவம்) போட வேண்டும். ஐஸில் வைத்துக் கொண்டுபோனால் திசு ஆய்வுக்கு ஆகாது. குளிரில் வைத்தாலும் திசு சிதைவது நிற்காது, உறைந்துவிட்டாலோ உறைந்த நீர் செல்களைக் கிழித்துவிடும். நான் ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு 110 கிலோமீட்டர் போய்த் திரும்பியவன். மாறாக, ஈரலில் உள்ள துத்தநாகத்தின் அளவைப் பார்ப்பதற்கு உறைய வைத்த துண்டுதான் வேண்டும்.

நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்துக்குத் தூத்துக்குடியிலும் பொன்னேரியிலும் கல்லூரிகள் உள்ளன. மாதிரியோடு கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் கேட்டு நாள் வாங்கிக்கொள்ளுங்கள். ஆதார் நகல், மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் பெற்ற பண்ணைப் பதிவின் நகல், கடந்த ஒரு மாதத் தீவன, இறப்புக் குறிப்பு ஆகியவற்றைக் கையில் வைத்திருந்தால் அலைச்சல் குறையும். எனக்கு முடிவு வர பதினெட்டு நாள் ஆயிற்று.

9. சரிசெய்யும் வரிசை

முதலில் துத்தநாகம் வரும் மூலத்தை அடைத்துவிடுங்கள். கூரைக் குழாயை அன்றே தென்னந்தோப்புக்குத் திருப்பிவிட்டேன், பி.வி.சி. முழங்கை இரண்டும் குழாயும் 350 ரூபாய். அடுத்து, நாள்தோறும் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை அடியிலிருந்து வெளியேற்றிப் போர் தண்ணீரை விட்டேன். அடியிலிருந்து எடுப்பது முக்கியம், ஏனென்றால் துத்தநாகம் கழிவுச் சேற்றில்தான் அதிகம் ஒட்டிக்கிடக்கும். பத்து நாளில் கணக்குப்படி 0.07 மி.கி. அளவுக்கு இறங்க வேண்டியது, சேற்றிலிருந்து கசிந்ததால் பதினான்காம் நாள் 0.09 இருந்தது. ஆனால் கடினத்தன்மை அதற்குள் 150ஐ எட்டியிருந்ததால் அந்த அளவு இப்போது வரம்புக்குள் வந்துவிட்டது.

கடினத் தண்ணீர் கிடைக்காதவர்கள் விவசாயச் சுண்ணாம்புக் கல் பொடியைச் சிறிது சிறிதாகப் போடலாம். நீறாத சுண்ணாம்பைக் கொட்டாதீர்கள்: பி.எச். சட்டென்று ஏறினால் தொட்டியில் இருக்கும் அம்மோனியா நச்சாக மாறி, ஈரல் கெடும் முன்பே மீன் செத்துவிடும்.

தீவனத்தில், இரண்டு நாள் பட்டினி, பிறகு ஒரு வாரம் உடல் எடையில் ஒரு சதவீதம், அதன்பின் இரண்டு சதவீதம் என்று 5 சதவீதக் கொழுப்புள்ள மிதவைத் தீவனத்துக்கு மாறினேன். வாரத்தில் ஒரு நாள் தீவனம் கிடையாது. மீன் வாயைத் திறந்து காட்டுகிறது என்று இரக்கப்பட்டு அள்ளிப் போடும் வழக்கத்தை வீட்டில் மற்றவர்களும் விட வேண்டும். எங்கள் வீட்டில் அதுதான் கடினமாக இருந்தது. தவிடே கொடுப்பதென்றால் எண்ணெய் நீக்கிய தவிடாக வாங்கி, பதினைந்து நாளுக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள்.

சாவு ஒன்பதாம் நாள் நின்றது. ஈரல் அவ்வளவு வேகமாகத் திரும்பாது. ஆறு வாரம் கழித்து ஐந்து மீன்களை அறுத்துப் பார்த்தபோது விகிதம் 2.2 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது, நிறம் பழுப்புக்குத் திரும்பத் தொடங்கியிருந்தது. அதுவரை அறுவடையைத் தள்ளி வைத்தேன். துத்தநாகம் சதையைவிட ஈரல், செவுள், சிறுநீரகம் ஆகியவற்றில்தான் அதிகம் சேர்கிறது என்பதால், வீட்டுக்கு எடுத்த மீன்களில் தலையையும் குடலையும் முழுதாக நீக்கிவிட்டே சமைத்தோம். அடுத்த மழைக்காலம் தொடங்கியதும், முதல் வாரத்திலேயே தொட்டித் தண்ணீரை ஒருமுறை துத்தநாகத்துக்கும் கடினத்தன்மைக்கும் கொடுத்துப் பார்ப்பதாகக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். ஒரு பாட்டிலுக்கு 800 ரூபாய்.